மூலையில் உட்கார்ந்திருப்பவள்

படத்தை நிறுத்திவிட்டு கஸ்பார் நாற்காலியை விட்டு எழுந்து டிவிக்கு முன்னால் குனிந்தார். கேப்டனின் சாய்வு நாற்காலி, அதற்குப் பின்னால் சாம்பல் நிறச் சுவர், இரண்டு சுவர்கள் சேருகிற மூலை. மூலையில் யாரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சுவரில் திருகாணிகளின் தலைகள்கூடத் தெரிந்தன. அது இரும்பு இல்லை, வர்ணம் பூசிய பலகை என்பதும் தெரிந்தது. அவ்வளவு துல்லியத்தில் அவள் மட்டும் இல்லை. ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டி அதே காட்சியை விட்டார். கேப்டன் திரும்பி கப்பலின் டாக்டரம்மாவிடம் ஏதோ சொல்கிறான், அவள் தலையசைக்கிறாள், கதவு விலகி அவள் வெளியே போகிறாள், கேப்டன் தனியாக நின்று கண்ணாடிக்கு வெளியே இருட்டைப் பார்க்கிறான். இந்த இடம்தான். சந்தேகமே இல்லை. பழைய கேசட்டில் இந்த இடத்தில்தான் அவனுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள், வெள்ளையாக, அசையாமல், வலது கை மட்டும் மெதுவாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். மறுபடி நிறுத்தினார். மகன் அனுப்பிய பெட்டியில் இருந்த மற்ற டிவிடித் தட்டுகளில் இரண்டை, காலையில் மனைவி ஜெனோவா பூசைக்கும் மார்க்கெட்டுக்கும் போயிருந்தபோதே அவர் பார்த்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. மத்தியானம் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் புறப்படும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "நான் வந்தப்புறம் போடுங்க, கேட்டீயளா? முன்னாலேயே பாத்துட்டு எங்கிட்ட கதை சொல்லப்பிடாது." "நான் எதுக்குப் போடப் போறேன்." "உங்களத் தெரியாதாக்கும். கிறிஸ்மஸ் பலகாரத்த பூசைக்கு முந்தியே தின்ன ஆளு." அடுத்த வீட்டு மரியபுஷ்பம் நடையில் நின்று சிரித்தாள். ஜெனோவா செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கியவள் திரும்பி, "இன்னைக்கு அவ சத்தத்தக் கேட்டுரலாம் பாத்துக்கிடுங்க" என்றாள். யார் சத்தத்தை என்று மரியபுஷ்பம் கேட்டதும், "அது எங்க வீட்டுக் கதை" என்று அவள் சொன்னதும், இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிற வரை பேசிக்கொண்டு போனதும் அவருக்குக் கேட்டது. தெருவில் நின்று அவள் இப்படிப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று அப்போது நினைத்தார். அந்தச் சந்தோஷத்தில்தான், அவளுக்கு முன்னால் அந்தச் சத்தத்தைத் தான் கேட்டுவிட வேண்டும் என்ற சிறுபிள்ளைத்தனத்தில்தான், பெட்டியிலிருந்து அடுத்த தட்டை எடுத்தார். காலையில் பார்த்த இரண்டிலும் அவள் இல்லாதது அவருக்கு உறுத்தவில்லை. அவை தொடக்கத்துக் கதைகள், அவள் இன்னும் கப்பலில் ஏறியிருக்க மாட்டாள் என்று எண்ணிக்கொண்டார். இது அப்படியில்லை. இது கேசட்டில் இருக்கிற கதை. மூலையில் யாரும் இல்லை.

தொடருக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் அதற்குக் கப்பல் என்றுதான் பெயர். வழி தவறிப் போய் நட்சத்திரங்களுக்கு நடுவில் எங்கோ மாட்டிக்கொண்ட கப்பல் ஒன்று சொந்த ஊருக்குத் திரும்ப வழி தேடிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் கதை. சிலோன் டிவியில் வாராவாரம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற படத்தைப் பிடிக்க அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் பனைமர உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தார்கள். காற்று விழுந்து கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிற நாட்களில் படம் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலத் தெளிவாக வரும். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் ஆடும், வாடை தொடங்கிவிட்டால் திரை முழுக்க ஈசல்தான். வசனத்தில் பாதி புரியாது, அடியில் ஓடுகிற சிங்கள எழுத்து முழுவதும் புரியாது. முகங்களைப் பார்த்துக் கதையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் மேலே போய்க் குழாயைத் திருக, ஒருவர் கீழே டிவி முன்னால் நின்று கத்த வேண்டும். தெருவெங்கும் சாயங்காலம் இந்தச் சத்தம்தான். தெரியுதா, தெரியல, இன்னும் கொஞ்சம், போச்சு போச்சு, இருங்க. அவர்கள் வீட்டில் மட்டும் சத்தம் கிடையாது. ஜெனோவா அப்போது பேசுவதில்லை. அவர் மேலே போவார், அவள் கீழே கரண்டியால் எவர்சில்வர் தம்ளரைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் திருப்பு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நினைவில்லை, தானாக அமைந்த பழக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்த அவருக்கு, கப்பலின் ஊதலுக்கு இழுவைப் படகு பதில் சொல்வது போல, அந்தத் தம்ளர் சத்தம் ஒரு பேச்சாகவே இருந்தது. அதை நம்பித்தான் அந்த ஒரு வருடம் ஓடியது. டாக்டர் ஒன்றும் இல்லை என்றார், தொண்டையில் ஒன்றும் இல்லை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும். பங்குச்சாமியார் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார், அவள் அந்தக் கைக்குக் கீழே தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அப்படியொரு சாயங்காலம் அவர் மாடியில் குழாயைக் கட்டிப்பிடித்து அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது தம்ளர் சத்தம் வரவில்லை. குரல் வந்தது. "இருங்க! அப்படியே இருங்க! யாரோ ஒருத்தி உக்காந்திருக்கா!" தெருவில் வேறு யாரோ என்று நினைத்தார். கை குழாயிலேயே இருந்தது. மறுபடி வந்தது. "வந்து பாருங்களேன், யாரு அவ?" அவர் குழாயை விடவில்லை. விட்டால் திரும்பிவிடும், படம் போய்விடும், படம் போனால் குரலும் போய்விடும் என்று ஒரு பயம். கைலியை அவிழ்த்துக் குழாயையும் கைப்பிடிச் சுவரின் கம்பியையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, கால்சட்டையோடு படியில் இறங்கி ஓடினார். மறுநாள் செம்புக் கம்பி வாங்கிவந்து அதே கோணத்தில் முறுக்கிக் கட்டினார். அதன் பிறகு வெகுகாலம் யாரையும் அந்தக் குழாயைத் தொட விட்டதில்லை.

அவள் யார் என்பதைப் பற்றித்தான் அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு. அவளுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை, அவள் என்றால் அவள்தான். கேப்டன் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டரம்மா அவள் பக்கத்தில் நிற்பாள், பேசுவதில்லை. சண்டை நடக்கும், புகை வரும், எல்லாரும் ஓடுவார்கள், அவள் மட்டும் எழுந்திருப்பதில்லை. சில வாரம் வரவே மாட்டாள். "இன்னைக்கு அவ இல்ல" என்று ஜெனோவா படம் முடிகிற வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். கைதியாக இருக்கும் என்றார் கஸ்பார். கைதி என்றால் கை ஏன் அசைகிறது என்று கேட்டாள். வேறொரு கிரகத்து ஆளாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாதவளாக இருக்கும், அதனால்தான் கேப்டன் பார்ப்பதில்லை. "அப்ப நமக்கு எப்படித் தெரியுது?" என்றாள் அவள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து சொன்னாள். "கப்பலே அவ கையிலதான் ஓடுது. கை நின்னா கப்பல் நின்னுரும். அதான் அவகிட்ட யாரும் பேச்சுக் குடுக்க மாட்டேங்காவ." அதுதான் சரியென்று இரண்டு பேருக்கும் பட்டது. கொஞ்ச நாளில் ஜெனோவாவின் தம்பி ரெமி கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தபோது ஒரு வீடியோ ரெக்கார்டர் கொண்டுவந்தான். அக்கா பேசுகிறாள் என்பதற்காகவே கொண்டுவந்தேன் என்று சுங்கத்தில் அழுததாகச் சொன்னான், பொய்யாகவும் இருக்கலாம், ரெமி அப்படித்தான். அன்றிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் பதிவு செய்தார். விளம்பரம் வந்தால் நிறுத்தி, முடிந்தால் விடுவித்து, விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் தரையில் உட்கார்ந்திருப்பார். கேசட்டின் முதுகில் நாளும் கதையும் எழுதி, அவள் வந்த கேசட் என்றால் மூலையில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. துறைமுகத்தில் பெட்டிகளுக்குள் போட்டு வருகிற, ஈரம் உறிஞ்சுகிற மணிப் பொட்டலங்களை ஆபீஸ் பையன்கள் குப்பையில் போடும்போது பொறுக்கி வந்து கேசட்டுகளுக்கு நடுவில் வைப்பார். கடற்கரைக் காற்று எதையும் விடாது. அப்படியும் பூஞ்சை பிடித்தது, வெள்ளையாக, சுருளின் ஓரத்தில் உப்புப் பூத்தது போல. திருகாணியைக் கழற்றி, நாடாவை மெல்லிய துணிக்குள் விட்டு இழுத்து, கையால் சுற்றித் துடைப்பார். வாடைக் காலத்தில் பதிவாகாமல் போன கதைகள் நிறைய. அந்தக் கதைகளில்தான் அவள் பேசியிருப்பாள் என்பது ஜெனோவாவின் முடிவு. விட்டுப்போனவற்றைப் பிடிக்க மெட்ராஸ் போகும்போதெல்லாம் பர்மா பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினார். கம்பெனிக் கேசட் கொஞ்சம் கிடைத்தது. அமெரிக்காக் கேசட், இங்கத்து மிஷினில் போட்டால் நிறம் வராது, படம் மேல்நோக்கி உருண்டுகொண்டே இருக்கும். உருளுகிற படத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு இரண்டு பேரும் தேடினார்கள். அவள் இல்லை. இவையெல்லாம் முந்திய கதை, அவள் ஏறுவதற்கு முன்னால் என்றாள் ஜெனோவா. ஆமாம் என்றார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கப்பலில் சரக்கு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே சம்பாதித்த ஆளுக்கு, எந்தத் துறையிலும் ஏறாத ஒருத்தி எப்படிக் கப்பலில் இருப்பாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும். தோன்றியதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருப்பார், கேப்டனைப் போல.

ஃபேன் சுற்றுவது தலைக்கு மேல் கேட்டது. தெருவில் உப்பு ஏற்றிய லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. செபமாலை முடிந்திருக்கும், இனி வாசகம், பகிர்வு, பிறகு யார் வீட்டிலோ அவல் கிளறித் தருவார்கள், ஜெனோவா வாங்கிக் கொஞ்சம் மடித்து எடுத்துவருவாள். வந்தவுடன் கேட்பாள். பங்குனியில் அவளுடைய அக்கா விக்டோரியா போனபோது அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் பேசவில்லை. அன்றைக்கு யாரும் பேசுவதில்லைதான். மறுநாளும் பேசவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், ம் என்பாள், சில நாள் அதுவும் இல்லை. அவர் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தத்தைக் கவனித்துக் கேட்டுக்கொண்டு நிற்பார், அவள் தட்டுகிறாளா, சும்மா பட்டதா என்று. தட்டிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வார். முன்னால் அவருக்கு முப்பது வயது, மாடிப்படியில் தாவி ஏற முடியும், ஒரு வருடம் காத்திருக்க முடியும். இப்போது எதைத் திருப்பி எந்தக் கோணத்தில் கட்டுவது? மஸ்கட்டிலிருந்து மகன் டெனிஸ் போனில், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பான். கொடுத்தால் அந்தப் பக்கம் அவனே பேசி, இந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவன்தான் எங்கோ தேடி இந்தப் பெட்டியை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். நீல அட்டைப் பெட்டி, உள்ளே எல்லாக் கதையும், ஒன்றுகூட விடாமல். பெட்டியை மடியில் வைத்து அட்டைப்படத்தில் இருந்த முகங்களை ஜெனோவா விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அவ படத்த ஏன் போடல?" இதுதான் பங்குனிக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம். தட்டு ஓட்டுகிற மிஷின் நேற்று இராத்திரிதான் வந்தது, அதுவரை தினமும் அவளைப் பற்றியே பேச்சு. பேசினால் எந்தப் பாஷையில் பேசுவாள், குரல் தடியாக இருக்குமா, கடைசிக் கதையில் கப்பல் ஊர் சேர்ந்துவிட்டால் அவள் எழுந்திருப்பாளா. ஊறுகாய் போடுகிற பேச்சும் விலைவாசியும்கூட அதன் பின்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே நூலில் தொங்குகின்றன. அந்த நூலின் நுனி இந்த மூலையில் கட்டியிருக்கிறது. மூலையில் யாரும் இல்லை. தட்டு கெட்டுவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் டெனிஸ் வேறு அனுப்புவான். மிஷின் கெட்டுவிட்டது என்றால் மரியபுஷ்பத்தின் மருமகன் வந்து பார்த்துச் சரியாக இருக்கிறது என்பான். ஆணியால் ஒரு கீறல் போட்டுவிடலாமா, எல்லாவற்றிலுமா, எத்தனை தட்டு. இந்த எண்ணம் வந்ததும் தன் கையைப் பார்த்துக்கொண்டார். உப்புநீர் பட்டதுபோல வெளுத்துச் சுருங்கிய, வயதான கை. இந்தக் கை பொய் சொல்லும், முகம் சொல்லாது. ஜெனோவா முகத்தைத்தான் பார்ப்பாள்.

அலமாரிக்கு அடியிலிருந்து பழைய ரெக்கார்டரை இழுத்துத் தூசியை ஊதி வயரைச் சொருகினார். சிவப்புப் புள்ளி வைத்த கேசட்டைப் போட்டதும் அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு இழுத்துக்கொண்டது. ஈசல் பறந்தது, கோடு ஓடியது, பிறகு கேப்டன். கேப்டனின் முகம் பாதி கரைந்திருந்தது. அவனுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். இருக்கிறாள், எங்கே போவாள், இதோ இருக்கிறாள். வெள்ளையாக, உடம்பு வழியே சுவர் தெரிய, முகம் என்று சொல்ல ஒரு வெளிச்சத் தீற்றல், மடியிலிருந்து தோளுக்கு மேல் சாய்ந்து போகிற ஒரு குழாய். அந்தக் குழாயில்தான் அவள் கை. சற்றுமுன் தட்டில் பார்த்த சுவர் இன்னும் கண்ணில் இருந்தது. அங்கே குழாய் எதுவும் இல்லை. சுவர் கப்பலைச் சேர்ந்தது, குழாய் கப்பலைச் சேர்ந்ததில்லை. அப்படிப் பிரித்ததும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் இரண்டாகக் கழன்றது. கப்பல் ஒரு பக்கம் விலகியது, அவளைச் சேர்ந்தவை எல்லாம் அவளோடு தங்கின. குழாயின் அடியில் பெரிய பூசணிக்காய் போல உருண்டையாக ஒன்று, அவர்கள் எப்போதும் அவளுடைய முழங்கால் என்று நினைத்தது. மேலே விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, திரும்பவும் முதல் விரல், நிதானமாக, அவசரமில்லாமல். அவளுக்கு முன்னால் இன்னொரு மங்கிய உருவம் ஆடிக்கொண்டிருந்தது. கேப்டனின் நிழல் என்று அவர்கள் விட்டுவிட்டது. அது வாயைத் திறந்து மூடியது, கையை வீசியது. பாடகர். தம்பூரா. யாரோ கச்சேரி செய்ய, பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து தம்பூரா மீட்டிக்கொண்டிருக்கிறாள். நம் நாட்டு டிவியின் இசை நிகழ்ச்சி, மலைமேல் இருக்கிற டிவி கோபுரத்திலிருந்து வருகிற அலை. கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஏதோ ஒரு கோணத்தில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. அந்தக் கோணத்தைச் செம்புக் கம்பியால் கட்டியது அவர்தான். தம்பூராக்காரி பேச மாட்டாள், பாட மாட்டாள், பாடகரைக் காட்டுகிற போதெல்லாம் பின்னால் கொஞ்சம் தெரிவாள், அவ்வளவுதான் அவள் வேலை. எழுந்திருக்கவே மாட்டாள், கச்சேரி முடிகிற வரை. இன்னொரு கேசட்டைப் போட்டார். இதில் இருந்தவளுக்குப் பின்னல் முன்பக்கம் தொங்கியது. முந்தினவளுக்குக் கொண்டை. உடை மாற்றியிருக்கிறாள் என்றுதான் ஜெனோவா சொல்வாள். உடை இல்லை, ஆளே வேறு. வாரத்துக்கு ஒருத்தி. கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. இத்தனை வருடம் பேச்சும் விவாதமும் சோற்றுக்கு நடுவில் நிமிர்ந்த முகமும் யாரோ ஒரு பாடகரின் முதுகுக்குப் பின்னால் இருந்தவளைப் பற்றியா? இல்லை, அப்படியில்லை. வேறு எதுவோ ஒன்று அங்கே இருந்தது. அது என்ன என்று பிடிக்கப் போனால் நினைவு வேறு இடத்துக்கு இழுத்தது.

கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவர். ஜெனோவா ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தபோது, சாமியார் மந்திரித்த மண்ணுக்கு வெளியே, சுவரை ஒட்டி, கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை ஒரு முழம் தோண்டிக் கொடுத்த குழி. தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுவதற்கு முன்னால் மூச்சு நின்றுபோன பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் அங்கேதான் இடம். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. துண்டை விலக்கி அவர் ஒரு தடவை பார்த்தார், பெண்பிள்ளை, மேலுதடு ஜெனோவாவுடையது. சுற்றியிருந்தவர்கள் அவளிடம் ஒன்றும் இல்லை என்றே சொன்னார்கள். உசிரே இல்லை, ஒண்ணுமே இல்லை, அத நெனச்சு மனச விடாத, ஒண்ணுமே இல்லாததுக்கு என்னத்த அழ. பாசத்தில் சொன்னார்கள். அவரும் சொன்னார். ஒன்றும் இல்லாததைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள், அதோடு மற்ற எல்லாவற்றையும் பற்றி. இப்போது இன்னொரு தடவை அதே வாயால் அவளிடம் சொல்ல வேண்டும், அங்கே ஒண்ணும் இல்ல ஜெனோ. முடியாது. தட்டு கெட்டுவிட்டது. அது போதும். கையைத் தரையில் ஊன்றி எழுந்து, டிவியைத் தட்டின் பக்கம் மாற்றி, அதை வெளியே எடுப்பதற்காக ரிமோட்டைத் தேடினார். நாற்காலிக்கு அடியிலும் இல்லை, கேசட்டுகளுக்கு நடுவிலும் இல்லை. திரையில் சாம்பல் சுவர் நின்றது நின்றபடி இருந்தது. வெளிச்சமான, சுத்தமான மூலை. குனிந்து கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தபோது நடையில் செருப்பு உதறுகிற சத்தம் கேட்டது.

"பாத்தீயளா, போட்டுட்டீயளே. எனக்குத் தெரியும்." ஜெனோவா உள்ளே வந்து கையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். அவர் நிமிரவில்லை. கேசட்டுகளும் வயரும் பரவிக் கிடந்த தரையை அவள் பார்த்தாள், பிறகு டிவியை. பக்கத்தில் வந்து, அவர் முன்பு குனிந்து பார்த்த இடத்திலேயே குனிந்து பார்த்தாள். கேப்டனை அவளுக்குத் தெரிந்தது. சுவரைத் தெரிந்தது.

"இது அந்தக் கதைல்லா? எங்க அவ?"

தட்டு கெட்டுவிட்டது என்று அவர் சொல்ல நினைத்தார். வாய் திறந்தது. "ஜெனோ, இப்படி உக்காரு" என்றார்.

"உக்காருதேன். எங்க அவ?"

"இதுல அவ கிடையாது. எதுலயும் கிடையாது. காலையிலேர்ந்து பாத்துட்டேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த கேசட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குழாய், கோணம், இரண்டு டிவிக்காரனுடைய படமும் கலந்தது, கச்சேரி, தம்பூரா. சொல்லச் சொல்ல அது தனக்கே கணக்கு ஒப்புவிப்பது போலக் கேட்டது.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவருக்கு அந்த மௌனத்தின் நீளம் தெரியும், தொடங்கும்போது அது இப்படித்தான், ஒரு நிமிடம் போலத்தான் இருக்கும். ஜெனோ என்றார். அவள் திரும்பவில்லை. சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. அவர் இன்னொரு தடவை கூப்பிடப் பயந்து அப்படியே இருந்தார்.

"அப்ப நெசமான பொம்பளையா?" என்றாள்.

"யாரு?"

"அவதான். தம்பூரா வாசிச்சவ. நடிக்க வந்தவ இல்லியே?"

"இல்ல. நெசமான ஆளுதான்."

"எங்கயோ இருந்திருக்கா."

"இருந்திருக்கா. மெட்ராஸ்ல இருந்திருக்கும்."

"பெறகு என்ன?" அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கப்பல்தான பொய்யி. பலகையில பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான், பாருங்க ஆணி தெரியுது. அவ இருந்தால்லா."

ஏதோ சொல்லியாக வேண்டும் என்று அவர், "ஒரே ஆளுகூட இல்ல ஜெனோ. மூணு நாலு பேரு இருக்கும். வாரம் ஒருத்தி" என்றார். சொன்ன பிறகு, இதை ஏன் சொன்னோம் என்று இருந்தது.

ஜெனோவா யோசித்தாள். "மாத்தி மாத்தி உக்காந்திருக்காளுவ."

"ஆமா."

"அது நல்லதுதான். ஒருத்தியா இருந்தா கை வலிச்சிருக்கும்." பிறகு, வேறொரு குரலில், "நம்ம பிள்ளைக்கும் என்னைய மாதிரிதான் இருந்துச்சாமே மொகம்? விக்டோரியா அக்கா ஆஸ்பத்திரில கெடக்கும்போது சொன்னா. நீங்க அவகிட்ட மட்டும் சொன்னீயளாம்."

கஸ்பார் தலையாட்டினார். "உதடு" என்றார். "மேலுதடு. அப்படியே உன்னுது."

அவள் தன் மேலுதட்டைத் தொடவில்லை. தொடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கையை எட்டிப் பொட்டலத்தை இழுத்து, இலையைப் பிரித்து, அவலில் தேங்காய் போதவில்லை, ஜெயராணி வீட்டில் எப்போதுமே கையிறுக்கம்தான் என்று சொன்னாள். பகிர்வில் மரியபுஷ்பம் பேசிக்கொண்டே போனதையும், பைபிளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வாசகம் முடிகிற வரை தலையாட்டியதையும் சொன்னாள். பாதியில், "ரிமோட்டு உங்க முதுகுக்குப் பின்னாலதான கெடக்கு" என்றாள். எடுத்துக் கொடுத்தார். "ஓடட்டும், ஆணியெல்லாம் பாப்போம்" என்று அவளே அழுத்தினாள். கேப்டன் இருட்டைப் பார்ப்பதை விட்டுத் திரும்பி நடந்தான். ஜெனோவா பேசிக்கொண்டிருந்தாள். அவள் சேலையின் ஓரத்தில் ஜெபத்தில் பிடித்த மெழுகுவர்த்தி ஒரு சொட்டு விழுந்து காய்ந்திருந்தது. கஸ்பார் அந்த ஓரத்தைக் கையிலெடுத்து, துணி நைந்துவிடாமல், நகத்தால் மெதுவாகச் சுரண்டத் தொடங்கினார்.